வண்ணாத்திப்பூச்சி நீச்சலும் பெய்ஜிங்கின் அந்த நூறு மீற்றரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறேன். என் போனில் எப்போதும் ஒரு வீடியோ இருக்கும். 2008 ஆகஸ்ட் 16 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நடந்த ஆண்களுக்கான 100 மீற்றர் வண்ணாத்திப்பூச்சி நீச்சல் இறுதிப்போட்டி அது. போட்டி ஒரு நிமிடம்கூட இல்லை. அமெரிக்காவின் மைக்கல் பெல்ப்ஸ் 50.58 செக்கனில் முதலாவது, சேர்பியாவின் மிலோராட் சாவிச் 50.59 செக்கனில் இரண்டாவது.

அதைப் பார்த்த பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்தகப்பன்மாரும், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தவர்களும் கேட்ட கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

வண்ணாத்திப்பூச்சி எண்டா கையை விரிச்சு அடிக்கிறதுதானே சேர்?

கை விரிவது வெளியில் தெரிகிற பாதி. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலால் முன்னுக்கு வரவேண்டும், பிறகு ஒரே நேரத்தில் தண்ணீருக்குள்ளால் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு கால்களும் சேர்ந்து மேலும் கீழும் அடிக்க வேண்டும். டொல்பின் வால் அடிப்பதுபோல இருப்பதால் டொல்பின் உதை என்கிறோம்.

ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை. கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, இழுத்து முடியும்போது மற்றது. இந்த இரண்டாவது உதை பிந்தினால் தோள் மேலே வராது, மூச்சும் எடுக்க முடியாது. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் தண்ணீர் குடிப்பது அந்த இடத்தில்தான்.

பாத்தா தவளை நீச்சல் மாதிரியும் கிடக்கு. ரெண்டும் ஒண்டோ?

ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. 1930களில் மார்பு நீச்சல் (நீங்கள் தவளை நீச்சல் என்பது) போட்டிக்காரர் சிலர், கையைத் தண்ணீருக்குள்ளால் முன்னுக்குக் கொண்டு போவதைவிட மேலால் வீசினால் வேகம் கூடும் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதிருந்த விதி அதைத் தடுக்கவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் டேவிட் ஆம்புறூஸ்டரும் அவருடைய மாணவர் ஜக் சீக்கும் அதோடு டொல்பின் உதையைச் சேர்த்தார்கள். இப்படியே போனால் பழைய மார்பு நீச்சல் அழிந்துவிடும் என்ற நிலை வந்தபோது, 1952 இல் இரண்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தார்கள்.

1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகத் தனிப் போட்டியாக வந்தது. ஆண்களுக்கு 200 மீற்றர் மட்டும்தான். 100 மீற்றர் 1968 மெக்சிகோவில்தான் ஆண்களுக்குக் கிடைத்தது.

நூறு, இருநூறு எண்டு ரெண்டு ஏன்? நீளம்தானே வித்தியாசம்?

நீந்துகிறவருக்கு இரண்டும் வேறு போட்டி. ஒலிம்பிக் தடாகம் 50 மீற்றர் நீளம். நூறு என்றால் ஒருமுறை திரும்பினால் போதும், இருநூறு என்றால் மூன்று முறை. நூறில் முதல் பாதியை ஏறக்குறைய முழு வேகத்தில் போகலாம். இருநூறில் அப்படிப் போனால் கடைசி 50 மீற்றரில் கை தண்ணீரைவிட்டு வெளியே வராது. 50 மீற்றர் வண்ணாத்திப்பூச்சி உலகப் போட்டிகளில் 2001 முதல் இருக்கிறது. ஒலிம்பிக்கில் 2028 லொஸ் ஏஞ்சல்ஸில்தான் சேர்கிறது.

இதுக்குத் தோள் பலம் வேணுமாமே. என்ர பெடியன் ஒல்லி, சரிவருமோ?

சரிவரும். இது எல்லா நீச்சலிலும் களைப்புக் கூடியது என்பது உண்மை. ஆனால் பலத்தால் நீந்தப் பார்க்கிற பிள்ளைதான் முதலில் களைக்கிறது. நெஞ்சைக் கொஞ்சம் அமுக்கினால் இடுப்பு தானாக மேலே வரும், இடுப்பு இறங்கும்போது கால் தானாக அடிக்கும். அந்த அசைவு உடம்பு முழுக்க அலைபோல் ஓடவேண்டும். தாளம் பிடிபட்டால் ஒல்லிப் பிள்ளை 25 மீற்றரைச் சும்மா போகும். தாளம் பிடிபடாத பலசாலி பத்து மீற்றரில் நின்று மூச்சு வாங்குவான். இரண்டையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

தாளத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அதே பெய்ஜிங்கில் 200 மீற்றர் இறுதிப்போட்டியில் பெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சுவர் தெரியவில்லை. தனக்கு ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்பது அவருக்குத் தெரியும். அதை எண்ணி எண்ணி நீந்தி, 1 நிமிடம் 52.03 செக்கனில் உலக சாதனையோடு வென்றார்.

என்ன பிழை விட்டா வெளியில எடுப்பினம்?

கைகள் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வந்தால், கை தண்ணீருக்குள்ளால் முன்னுக்குப் போனால், கால்கள் மாறி மாறி அடித்தால் அல்லது தவளைபோல் உதைத்தால் தகுதி நீக்கம். தொடக்க ஒலிக்கு முன் பாய்ந்தாலும் அப்படித்தான். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

இரண்டு விதிகளைப் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள். ஒன்று, திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல் சுவரைத் தொடவேண்டும். மற்றது, பாய்ந்த பிறகும் திரும்பிய பிறகும் தண்ணீருக்குள்ளேயே 15 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, அதற்குள் தலை வெளியே வரவேண்டும். 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்கிராட்டொவ் அதைவிட நெடுந்தூரம் உள்ளால் போயே வென்றார். அதற்குப் பிறகுதான் வண்ணாத்திப்பூச்சிக்கும் 15 மீற்றர் எல்லை வந்தது.

கெட்டிக்காரரை நடுவில விடுகினம். அது ஓரத்தில நிக்கிறவைக்கு அநியாயம் இல்லையோ?

நடுப் பாதை உழைத்து எடுத்தது. அரையிறுதியில் 16 பேர் நீந்தி, நேரத்தின்படி 8 பேர் இறுதிக்கு வருகிறார்கள். ஆகக் குறைந்த நேரம் எடுத்தவருக்கு 4 ஆம் பாதை, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. பெய்ஜிங்கில் 4 ஆம் பாதை சாவிச்சுக்குத்தான் போனது, பெல்ப்ஸுக்கு 5. வீடியோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வருவது அதனால்தான்.

வடிவாப் பாருங்கோ சேர், மற்றவர்தான் முதல் வந்தவர். பெல்ப்ஸ் எண்டபடியாக் குடுத்திட்டினமோ?

ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். வீடியோவை ஓட விட்டுப் பார்த்தால் எனக்கும் சாவிச் வென்றதாகத்தான் தெரிகிறது. கடைசி மீற்றர்களில் அவர் முன்னுக்கு நிற்கிறார். கைகள் நீண்டு சுவரை நோக்கிப் போகின்றன. பக்கத்துப் பாதையில் பெல்ப்ஸின் கைகள் அப்போதுதான் தண்ணீருக்கு மேலால் வருகின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சாவிச் கடைசி இழுப்பை முடித்துவிட்டு, மிச்சத் தூரத்தைக் கையை நீட்டியபடி வழுக்கிக் கடக்கப் பார்த்தார். வழுக்கும்போது ஒவ்வொரு கணமும் வேகம் குறையும். பெல்ப்ஸ் வழுக்காமல் இன்னொரு அரை வீச்சு வீசினார். அதைப் பிழை என்றே அந்த நேரத்தில் நினைத்ததாக அவரே பிறகு சொன்னார். ஆனால் அந்த வீச்சின் வேகத்தோடு அவருடைய கைகள் சுவரில் போய் அடித்தன.

சுவரில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தொடுபலகை இருக்கிறது. கை அதை அமுக்கினால்தான் கடிகாரம் நிற்கும். விரல் நுனி பட்டால் போதும் என்று வைத்தால், தண்ணீர் அலை மோதினாலும் கடிகாரம் நின்றுவிடும் அல்லவா? அதனால் அது அமுக்கத்துக்குத்தான் நிற்கும். சாவிச்சின் விரல்கள் பலகைக்குக் கிட்ட முதலில் வந்திருக்கலாம். முதலில் அமுக்கியது பெல்ப்ஸ். சேர்பியக் குழு முறைப்பாடு கொடுத்தது. நேரம் கணித்தவர்களின் அதிவேகக் கமராப் படங்களை நடுவர் பார்த்து, முடிவு சரி என்றார். சேர்பியக் குழுவுக்கும் அவற்றைக் காட்டினார்கள்.

சாவிச்சை ஏமாளியாக யாரும் நினைக்க வேண்டாம். அன்று பெல்ப்ஸை அந்த அளவுக்கு நெருக்கியவர் அவர். அவரும் மனம் கசக்காமல் வெள்ளியை எடுத்துக்கொண்டு போனார். அதே போட்டியில் மூன்றாம் இடமும் 0.01 செக்கனில்தான் முடிவானது. அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ லோட்டர்ஸ்டைன் 51.12, அமெரிக்காவின் இயன் குரோக்கர் 51.13. அந்தப் பக்கத்தை ஒருவரும் கவனிப்பதில்லை.

திரும்பேக்க பெல்ப்ஸ் கடைசியில நிண்டவர் போல இருக்கே. பிறகு எப்பிடிப் பிடிச்சவர்?

ஏழாவதாகத் திரும்பினார். முதல் 50 மீற்றரை சாவிச் 23.42 செக்கனில் முடித்தார், பெல்ப்ஸ் 24.04. இரண்டாவது 50 மீற்றரில் பெல்ப்ஸ் எடுத்தது 26.54, சாவிச் 27.17. கணக்கைப் பாருங்கள்: பெல்ப்ஸும் வேகம் குறைந்துதான் போயிருக்கிறார். மற்றவர்கள் அதைவிடக் கூடக் குறைந்தார்கள். வண்ணாத்திப்பூச்சியில் இரண்டாம் பாதியில் ஒருவரும் வேகம் கூடுவதில்லை. யார் குறைவாகத் தளர்கிறார் என்பதுதான் போட்டி.

0.01 செக்கன் எண்டா எவ்வளவு தூரம்? கண்ணுக்குத் தெரியுமே?

50 செக்கனில் 100 மீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றர். அப்படியானால் 0.01 செக்கன் என்பது 2 சென்ரிமீற்றர். பெருவிரல் அகலம். கண்ணால் பார்த்து ஒருவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்ததாக, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். 1972 மியூனிக்கில் அளந்தார்கள். 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சன் 0.002 செக்கனால் அமெரிக்காவின் ரிம் மக்கீயை வென்றார். அந்தக் கணக்கில் அது சில மில்லிமீற்றர். தடாகம் கட்டும்போதே ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். அது நீந்துபவரின் பிழை இல்லையே. அதனால் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திவிட்டார்கள்.

அப்ப நூறில ஒண்டும் ஒரேமாதிரி வந்தா?

இருவருக்கும் அதே பதக்கம். 2016 ரியோவில் 100 மீற்றர் வண்ணாத்திப்பூச்சியில் மூன்று பேர் 51.14 இல் வந்தார்கள்: பெல்ப்ஸ், தென்னாபிரிக்காவின் சாட் லெ குளோ, ஹங்கேரியின் லாஸ்லோ செ. மூவருக்கும் வெள்ளி. வெண்கலம் கொடுக்கப்படவில்லை.

கடைசித் தொடுகையில பெல்ப்ஸ் தோத்ததே இல்லையோ?

தோற்றிருக்கிறார். 2012 லண்டன், 200 மீற்றர் இறுதி. கடைசி வரை முன்னுக்கு நின்றவர், முடிக்கும்போது வழுக்கினார். பக்கத்தில் வந்த லெ குளோ வீசி அடித்தார். லெ குளோ 1 நிமிடம் 52.96, பெல்ப்ஸ் 1 நிமிடம் 53.01. நான்கு வருடத்துக்கு முன் சாவிச்சுக்கு நடந்தது அவருக்கே நடந்தது. பெயரைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்கிறவர்களுக்கு இந்த வீடியோவையும் காட்டுகிறேன்.

இதெல்லாம் உடுப்பாலதான் எண்டு ஒரு அண்ணை சொன்னவர்.

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2008, 2009 இல் உடலோடு இறுகி மிதப்பைக் கூட்டும் நீச்சல் உடுப்புகள் வந்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறிந்தன. அங்கே இதே 100 மீற்றரில் பெல்ப்ஸ் 49.82, சாவிச் 49.95. 50 செக்கனுக்குள் இருவரும் போனார்கள், சாவிச் மறுபடியும் இரண்டாவது. 2010 தொடக்கத்தில் அந்த உடுப்புகளைத் தடை செய்தார்கள். இப்போது ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரைதான், அதுவும் துணியால் ஆனது.

ஆனால் நேரம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்விடவில்லை. 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கேலப் டிரெசல் 49.45 என்ற உலக சாதனையோடு வென்றார். 2024 பரிஸில் ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் 49.90 இல் தங்கம் எடுத்தார், வெண்கலத்துக்கே 50.45 வேண்டியிருந்தது. பெய்ஜிங்கில் தங்கம் வென்ற 50.58 க்கு அங்கே பதக்கமே இல்லை.

2008 இல நீங்கள் இதை ரீவியில பாத்தனீங்களோ சேர்?

இதை எப்போதும் 2008 க்குப் பிறகு பிறந்த பிள்ளைதான் கேட்கும். இல்லை, பார்க்கவில்லை. அந்த ஆவணி மாதம் மேற்கிலிருந்து சனம் மூட்டைமுடிச்சோடு கிளிநொச்சிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. மரத்துக்குக் கீழே தறப்பாளைக் கட்டிக்கொண்டு, எந்த நேரம் அடுத்த இடத்துக்கு எழும்ப வேண்டிவரும் என்று இருந்தோம். ஒலிம்பிக் நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இந்தப் போட்டியை நான் முதன்முதலாகப் பார்த்தது பல வருடம் கழித்து, ஒரு நண்பனின் போனில். முடிவு தெரியாமல் பார்த்தேன். அதனால் எனக்கு அது பழைய போட்டி இல்லை. வன்னியில் இந்தச் சந்தேகங்கள் இப்போதும் புதிதாகக் கேட்கப்படுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உலகம் அப்போதே பேசி முடித்ததை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம்.

எல்லாம் அமெரிக்காக்காரர்தானே. சின்ன நாட்டுக்காரருக்குக் கிடைக்குமே?

கிடைத்திருக்கிறது, அதுவும் இதே 100 மீற்றரில். 1988 சியோலில் தென்னமெரிக்காவின் சின்ன நாடான சுரினாமைச் சேர்ந்த அந்தனி நெஸ்ரி 53.00 இல் தங்கம் எடுத்தார். அமெரிக்காவின் மற் பியொண்டி 53.01. மேலே சொன்ன அதே பெருவிரல் அகலம், அதே வழுக்கல். சுரினாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் பிறகு அமெரிக்காவில் பயிற்றுநராகி, டிரெசலுக்கே பழக்கினார்.

2016 இல் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 இல் வென்றார். சிங்கப்பூருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். மூவர் வெள்ளி எடுத்ததாகச் சொன்னேனே, அந்தப் போட்டிதான். 2008 இல், 13 வயதில், சிங்கப்பூருக்கு வந்த பெல்ப்ஸோடு நின்று படம் எடுத்த பெடியன் அவன்.

எங்கட நாட்டில ஆர் இருக்கினம்?

மத்தியூ அபேசிங்க 2016 குவஹாத்தி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் ஏழு தங்கம் எடுத்தார், ரியோவுக்கும் ரோக்கியோவுக்கும் போனார். அவருடைய பலம் சுயாதீன நீச்சல், அதாவது ஃப்ரீஸ்டைல். வண்ணாத்திப்பூச்சி 100 மீற்றருக்குப் பரிஸ் ஒலிம்பிக் வைத்த நேரடித் தகுதி நேரம் 51.67. எட்ட வேண்டிய தூரம் எவ்வளவு என்று அதை வைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து நீச்சல் பெருமை கடலில் இருக்கிறது. தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போய்த் திரும்பியும் வந்தார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிர் விட்டார்.

இரணைமடுவில நீந்திற பெடியளுக்கு இது பழகக் கஷ்டமே?

குளத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை. அது பெரிய முதல். மூச்சுப் பிடிக்கத் தெரியும், மிதக்கத் தெரியும். ஆனால் குளத்தில் சுவர் இல்லை. கரை சரிந்து வரும், கால் மண்ணில் படும், எழுந்து நிற்பான். எந்த இடத்தில் நீச்சல் முடிகிறது என்று இருக்காது. அப்படிப் பழகியவன் தடாகத்துக்கு வந்தால் கடைசி ஐந்து மீற்றரில் தலையைத் தூக்கிப் பார்ப்பான், கையை நீட்டி வழுக்குவான். வேகமாக வந்து முடிக்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர். அந்த வீடியோவைக் காட்டுவதே இதற்காகத்தான். சுவருக்குக் கிட்டக் கைவீச்சை எண்ணச் சொல்லி, அந்த ஐந்து மீற்றரை மட்டும் ஒரு நாளில் முப்பது முறை நீந்த விடுவேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைக் குளத்தில் தனியே பழகாதீர்கள். இரண்டு கையும் ஒன்றாக வேலை செய்வதால், களைத்தால் ஒரு கையால் சமாளிக்க முடியாது, சடுதியாக மூச்சு முட்டும். வன்னிக் குளங்களில் தாமரைக்கொடி காலைச் சுற்றும், சேறு இழுக்கும், மண் அகழ்ந்த கிடங்கு வெளியில் தெரியாது, சில குளங்களில் முதலையும் இருக்கிறது. வான் பாயும் காலத்தில் பக்கமே போகவேண்டாம். கரையில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், கையில் கயிறோ வெறும் பிளாஸ்ரிக் கானோ வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தம்பி, என்ர மகளையும் விடலாமோ? இந்த நீச்சல் ஆம்பிளையளுக்கெண்டு சொல்லுகினம்.

தாராளமாக விடுங்கள் அக்கா. ஆண்களுக்கு 100 மீற்றர் 1968 இல்தான் கிடைத்தது என்று இரண்டாவது பதிலில் எழுதினேன். பெண்களுக்கு 1956 இலேயே கிடைத்துவிட்டது. இன்றைய பெண்கள் உலக சாதனை அமெரிக்காவின் கிரெச்சன் வோல்ஷ் 2025 இல் நீந்திய 54.60. 1972 இல் மார்க் ஸ்பிட்ஸ் ஆண்களில் உலக சாதனையோடு தங்கம் எடுத்த நேரம் 54.27. வித்தியாசம் 0.33 செக்கன்தான். 2022 இல் தலைமன்னாரில் இறங்கி நீந்தி தனுஷ்கோடிப் பக்கம் கரையேறிய ஜியா ராயும் 13 வயது இந்தியப் பெண்பிள்ளைதான்.

முதல் மாதம் மிதப்பதும் மூச்சும் மட்டும். பிறகு சுயாதீன நீச்சல். வண்ணாத்திப்பூச்சி அதற்குப் பிறகுதான், அவசரப்பட வேண்டாம். வரும்போது ஒரு துவாய், உடம்போடு ஒட்டிய முழுக்கை உடுப்பு, தலைமுடிக்கு ஒரு தொப்பி. நீச்சல் கண்ணாடி இப்போது வாங்காதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துக் கூட்டி வாருங்கள்.